ஆரம்ப சூரர்

எந்தக் கல்லூரிக்குச் சென்றாலும் இவரைத் தரிசிக்கலாம். பொருளாதாரத் துறையில் தென்படாவிட்டால் விலங்கியல் துறையில் நிச்சயம் இருப்பார். புள்ளிவிவரங்களை ஆராய்வதற்கென்றே அமைந்த ‘ஆர்’ என்னும் கணினி மொழியைக் கற்கத் தொடங்குவதில் இப்பேராசிரியருக்கு உள்ள உற்சாகம், அதைக் கற்று முடித்தவர்களிடம்கூடக் காணக் கிடைக்காது.

அவருடைய அறையில் தெரியாத்தனமாக நுழைந்து, “என்ன சார் செய்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டால், அவர் முதலில் எடுப்பது வம்சாவளி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-இல் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் ‘எஸ்’ என்ற மொழியை உருவாக்கத் தலைப்பட்டது, பின்னர் நியூஸிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் அதன் அடியொற்றி ‘ஆர்’ மொழியைப் படைத்தது, அதன் முதலாவது பூரணப் பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதியன்று வெளியானது ஆகிய சகல விருத்தாந்தங்களையும் அவர் சொல்லி முடிப்பதற்குள், கேட்பவருக்குத் தாம் வந்த காரியமே மறந்துவிடும்.

வம்சாவளிக்கு அடுத்தபடி சம்பிரதாயம். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பை அளிக்க அம்புக்குறியை இடுவதா, சமன்குறியை இடுவதா என்ற விவாதத்தில், கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடியவர்களின் ஆவேசம் அவரிடம் குடிகொள்ளும். அவர் அம்புக்குறிக் கட்சி. எந்தப் பெயருக்கு எந்த மதிப்பை அளித்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

‘ஆர்’ மொழிக்கென்று இலவசமாகக் கிடைக்கும் துணைத் தொகுப்புகள் 20,000-க்கும் மேல். அவற்றுள் ஒன்றைத் தினமும் காலையில் இறக்குவார். அதுவும் தன் பரிவாரங்களாகப் பத்துப் பன்னிரண்டைக் கூட அழைத்துவர, திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடுவதை, மகத்தான காரியம் ஏதோ நடைபெறுகிற பாவனையில் கைகட்டிப் பார்த்திருப்பார்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் கட்டளை ஒன்றைத் தாமே எழுதினார். அடைப்புக்குறியைத் திறந்தவர் மூட மறந்தார். கட்டளை முற்றுப்பெறவில்லை என்பதை உணர்த்தும் பொருட்டு அடுத்த வரியில் ஒரு கூட்டல் குறியை இட்டு இயந்திரம் காத்திருந்தது. இயந்திரம் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று கருதி இவரும் காத்திருந்தார். ஒருவரையொருவர் விஞ்சிய இந்தப் பொறுமை, மின்சாரம் நின்றபோதுதான் முடிவுக்கு வந்தது.

மறுமுறை அடைப்புக்குறியை மூடிச் சராசரி கேட்டபோது ‘என்ஏ’ என்று விடை வந்தது. பட்டியலில் ஓரிடம் விடுபட்டிருந்தாலும் ‘ஆர்’ அப்படித்தான் கைவிரிக்கும். விடுபட்டதை விலக்கிவிட்டுக் கணக்கிடு என்று ஒரு சிறு உத்தரவைச் சேர்த்தால் போதும். நம்மவரோ அதில் ஒரு தத்துவத்தைக் கண்டார். ஒரு குடியானவனுடைய வருமானம் தெரியாத நிலையில் ஊரின் சராசரி தெரியும் என்று சொல்வது அகங்காரம் அல்லவா என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். இந்த இடத்தில் எனக்கும் அவர் பக்கமே சாய்வு என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் சராசரி அன்றும் வெளிவரவில்லை.

அவர் ஒன்றுமே அறியாதவர் என்று நினைப்பது அபசாரம். மொழியோடு கூடவே வரும் ‘ஐரிஸ்’ என்ற பயிற்சிப் பட்டியலில் உள்ள 150 பூக்களின் அளவுகள் அவருக்கு மனப்பாடம். செட்டோசா என்னும் இனத்தின் அல்லியிதழ் சராசரியாக 1.46 சென்டிமீட்டர் நீளம் என்பதைத் தூக்கத்திலும் சொல்வார். தம் மாணவர்கள் தஞ்சை மாவட்டத்தில் வெயிலில் அலைந்து திரட்டிவந்த நெல் விளைச்சல் விவரம் மட்டும் பீரோவில் பத்திரமாக இருந்தது.

அறிக்கை அனுப்பவேண்டிய கெடு நெருங்கவே, அலுவலக குமாஸ்தா ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் அதையெல்லாம் எக்செல்லில் ஏற்றிச் சராசரியை எடுத்து நீட்டினார். பேராசிரியரின் முகம் வாடியது.

“எக்செல்லிலா போட்டீர்? எந்தப் படியில் என்ன செய்தீர் என்பதற்கு அத்தாட்சி ஏது ஐயா? நாளைக்கு இன்னொருவர் இதே கணக்கை மறுபடி செய்து பார்க்க வழி வேண்டாமா?”

“வேண்டியதுதான் சார்” என்றார் குமாஸ்தா, மிகுந்த பணிவோடு. “முதல் தடவையை நீங்கள் செய்துகொடுத்தால், மறுபடி செய்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”