லேபிள் வாசகர்

ஹாஸ்டலில் பக்கத்து அறையில் மிக்சர் பாக்கெட் பிரியும் சத்தம் கேட்டதுமே வந்து நிற்பார் நம் லேபிள் வாசகர். தின்ன அல்ல, படிக்க. பாக்கெட்டை வாங்கி, திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்து, "சோடியம் பாத்தியாடா?" என்பார். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் சுமார் ஒரு கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கு சரிதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதி மிக்சர் அவர் வாய்க்குள் போயிருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்தவர். சேர்மானங்களை எடை வாரியாக, அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது விதி. 'மல்டிகிரெயின்' பிஸ்கட்டில் முதல் பெயரே மைதா என்றால் மீதித் தானியங்களின் நிலைமை புரிந்துவிடும். ஜூனியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். போர்ன்விட்டா போன்ற பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கும்படி 2024-ல் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னபோது, தான் போட்ட கேஸ் ஜெயித்ததுபோல் வராந்தாவில் நடந்தார்.

சிக்கல் மெஸ்ஸில். அங்கே எதற்கும் லேபிள் கிடையாது.

ஆவியில் வெந்த இட்லி, சாம்பார், சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். "இதுல எத்தனை கிராம் புரோட்டீன் அண்ணே?" என்று மாஸ்டரிடமே கேட்டார். "ஆளுக்கு ஒரு கரண்டி தம்பி" என்றார் மாஸ்டர். அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் உண்டு. சாம்பார் சாதத்தில் இரண்டும் சேர்ந்துவிடும். உறையில் அச்சடிக்காததால் நம்பமாட்டார். முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் ஓட்டில் எழுதியில்லையே! புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொன்ன ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியை மட்டும் அவர் ஏனோ படிக்கவில்லை. சுண்டலைத் தட்டோடு கொட்டிவிட்டு, அறைக்குப் போய் பவுடர் கலக்குவார்.

கலக்கட்டும், அவர் அப்பா காசு. ஆனால் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை எல்லார் தலையிலும் பிரித்துப் போடுவார்கள். அவர் கொட்டிய சுண்டலுக்குக் கல்விக்கடனில் படிக்கிற எதிர் அறைக்காரனும் காசு கட்டுகிறான். நோட்டீஸ் போர்டில் பில் ஒட்டியதும், "என்ன மச்சி, இந்த மாசம் இவ்வளவு?" என்று முதலில் கத்துகிறவரும் இவரேதான்.