கடலட்டைக்கும் ஓர் அட்டை

கேள்வி: வள்ளத்துக்குப் பதிவு, தொழிலுக்கு அனுமதிப்பத்திரம், கடலட்டை பிடிக்க இன்னொன்று. மீனவனுக்கு ஏன் ஐயா இவ்வளவு கடதாசி? எல்லாத்தையும் எடுத்துவிட்டால் என்ன?
– வாசகர், வங்காலை

பதில்: அட்டை பிடிக்கவும் ஓர் அட்டை வேண்டியிருக்கிறது, உண்மைதான்! போர்க்காலத்தில் கடற்படைக்குப் பாஸ் காட்டிய பிறகுதான் உங்கள் கரையில் வலை நனைந்தது. அந்தப் பாஸ் ஒரு மீனையும் காப்பாற்றவில்லை, போனது நல்லது. ஆனால் 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டம் கேட்கும் அனுமதி வேறு வகை. சங்குக்கும் அட்டைக்கும் ஓடத் தெரியாது. கண்டவரெல்லாம் அள்ளினால் மறுவருடம் மணலைத்தான் குளித்து எடுக்க வேண்டும். 2017இல் இழுவைமடிக்கு வந்த தடையையும் எடுக்கச் சொல்வீர்களா? சொல்லிப் பாருங்கள், பக்கத்து வாடிக்காரரே மண்டாவோடு வருவார்!

எடுக்க வேண்டியது, ஒரே விவரத்தை மேசைக்கு மேசை போட்டோக்கொப்பியாகக் கேட்கும் பழக்கத்தை. தொழிலுக்குப் போகிற நாளில் கந்தோர் வாசலில் நிற்பவனுக்கு யார் படி கொடுப்பது?

2008இல் சரணாலயமான உங்கள் ஊர்ச் சதுப்புக்குப் பூநாரைகள் பத்திரம் இல்லாமல்தானே வருகின்றன என்பீர்கள். வரட்டும், அதுகளிடம் இழுவைமடி இல்லையே!