பந்து பொறுக்கும் முறையால் ஆட்டத்தரம் அறிதல்: ஓர் ஆராய்ச்சி

பாயிரம் இல்லாத நூலை நம் இலக்கணாசிரியர்கள் நூலென்றே ஒப்புவதில்லை யாதலால், இவ்வாராய்ச்சி தோன்றிய காரணத்தை முதற்கண் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சி மாகாணத்தில், மாலை வேளைகளில் பிள்ளைகளைக் காரில் ஏற்றி ஓரிடத்தில் இறக்குவதும், இறக்கிய பிள்ளைகளை வேறோரிடத்தில் ஏற்றிக்கொள்வதுமாகவே ஆயுளின் நடுப்பகுதியைக் கழித்துவரும் எண்ணற்ற தமிழ்த் தந்தையருள் நானும் ஒருவன். அமெரிக்க டென்னிஸ் சங்கத்தார் ஜூனியர் டீம் டென்னிஸ் என்ற பெயரால் நடத்தும் குழுப்போட்டிகளில் பதினொரு வயதான என் மகளைச் சேர்க்க வேண்டி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த தேதி, சட்டை அளவு ஆகிய மூன்று வினாக்களுக்கும் ஐயந்திரிபற விடையிறுத்த நான், நான்காம் வினாவில் தடுக்கி விழுந்தேன். ஆட்டக்காரரின் தரம் பிகினரா, இன்டர்மீடியட்டா, அட்வான்ஸ்டா, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்று அது கேட்டது. பரமாத்மாவின் சொரூபம் என்ன, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு தத்தளித்திருக்க மாட்டேன். மூன்று மதாசாரியர்கள் ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறார்கள்.

இத்துறையில் முன்னோர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லித் தொடங்குவது ஆராய்ச்சியாளர் மரபு. இங்கோ முன்னோர் அளவுக்கு மீறியே செய்து வைத்திருக்கின்றனர். என்டிஆர்பி என்னும் திருநாமமுடைய அளவை ஒன்று உண்டு. 1.5-இல் தொடங்கி அரையரையாக ஏறி 7.0-இல் முடியும் அதன் பன்னிரண்டு படிகளுக்கும் தனித்தனியே லக்ஷணம் வகுத்திருக்கிறார்கள். 2.5 என்னும் படியில் நிற்பவர், பந்து எங்கே வரும் என்று ஊகிக்கக் கற்றுக்கொண்டு வருபவர், ஆயினும் அவ்விடத்துக்குப் போய்ச் சேர்வதில் குறையுள்ளவர் என்பது அதன் சாரம். இந்த லக்ஷணம் என் உத்தியோக வாழ்க்கைக்கு ஓரெழுத்தும் மாறாமல் பொருந்துவதைக் கண்டு, சற்று நேரம் படிவத்தை மூடி வைத்துவிட்டு மோர் குடித்தேன்.

இவ்வளவைக்குப் போட்டியாக வந்தவை இரண்டு. யூடிஆர் என்பது 1-இல் தொடங்கி 16.5 வரை ஏறுவது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தாரின் டபிள்யூடிஎன் என்பதோ 40-இல் தொடங்கி 1-ஐ நோக்கி இறங்குவது. ஆகவே ஒன்று என்னும் எண், முந்தியதில் மட்டை பிடிக்கத் தெரியாத மழலையையும், பிந்தியதில் உலகத்தின் முதல் வரிசை வீரரையும் குறிக்கும். ஒன்றை அடைவதே பரமபுருஷார்த்தம் என்று கொண்ட பின்னவரை அத்வைதிகள் என்று கூறலாம். முன்னவர் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் லௌகிகர். இவ்விரு சமயத்தாரும் ஒரே மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, “உங்கள் பையன் எத்தனை?” என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும்போது விளையும் மனஸ்தாபங்கள் தனி ஆராய்ச்சிக்கு உரியவை.

என்டிஆர்பியின் 2.5-இல் நடுவே நிற்கும் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அஞ்சி, ஏட்டுச் சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதுவது நம்மவர் வழக்கமாயிருந்தது என்பதை அறிவீர்கள். இவ்வளவைகள் ஓலையில் எழுதப்பட்டிருக்குமானால் 2.5 என்பது 25 ஆகியிருக்கும். பதிப்பாசிரியர் இருவர் அதன்மேல் மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும், அம்மறுப்பின் அச்சுப்பிழைக்குத் திருத்தமும் எழுதிக்கொண்டிருக்க, அந்தக் குழந்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

சிறுவர் உலகில் பந்துகளுக்கு வர்ணபேதமும் உண்டு. சிவப்புப் பந்து 36 அடி நீள மைதானத்துக்கு, ஆரஞ்சு 60 அடிக்கு, பச்சையும் மஞ்சளும் 78 அடி முழு மைதானத்துக்கு. கீழ் வர்ணத்தினின்று மேல் வர்ணத்துக்கு ஏறத் தடையில்லை என்பது இதன் சிறப்பு.

ஆட்டத்தின் உற்பத்தி விஷயத்தில் நான் தலையிடப் போவதில்லை. சிலப்பதிகாரத்தில் கந்துகவரி இருத்தலால் டென்னிஸ் தமிழருடையது என்று ஒரு கட்சியாரும், தண்டியின் தசகுமார சரிதத்தில் கந்துகாவதி என்னும் அரசகுமாரி பந்தாடுதலால் வடமொழியாருடையது என்று மற்றொரு கட்சியாரும் வாதிட ஆயத்தமாகவே இருப்பர். 1874-இல் மேஜர் விங்ஃபீல்டு என்னும் பிரிட்டிஷ்காரர் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார் என்ற அற்பமான உண்மை இரு கட்சியாரையும் அசைக்காது. அவரும் அதற்கு ஸ்ஃபைரிஸ்டிகே என்று வாயில் நுழையாத கிரேக்கப் பெயரை இட்டுத் தொலைத்தார். ஆகவே மூன்றாம் கட்சிக்கும் இடமுண்டு.

இனி, தரத்தை அறியும் குறிகளுக்கு வருவோம்.

பையின் பருமன்: பை பெரிதாயின் தந்தையின் வருவாய் பெரிது என்பதன்றி வேறொன்றும் பெறப்படாது.

அடிக்கும்போது எழும் முனகல்: செவியுடையார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சர்வீஸின் வேகம்: இது பாமரரை மயக்கும் குறி. 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்ற நம் ராமநாதன் கிருஷ்ணனின் சர்வீஸ் வேகத்துக்குப் பெயர் பெற்றதன்று. அதை மட்டும் கொண்டு அவரை அளந்திருந்தால், எங்கள் ஊர்க் குழுவின் காப்டனான அம்மாள் அவரை இன்டர்மீடியட்டில் போட்டு, தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரும் முறையையும் அவர் தலையில் கட்டியிருப்பார்.

பெற்றோர் வாக்குமூலம்: இது பிரமாணங்களுள் மிகவும் நுட்பமானது. ஒரே தந்தை, தீபாவளி விருந்தில் தம் மகனை அட்வான்ஸ்டு என்பார். படிவம் நிரப்பும்போது, “இப்பொழுதுதான் கற்றுக்கொள்கிறான், பிகினரே போதும்” என்பார். இதனைச் சிலர் மோசடி என்று தூற்றுவர். நம் இலக்கிய மரபை அறிந்தவர்க்கு இது அவையடக்கம் என்பது எளிதில் புலப்படும். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்ட கம்பரை இத்தந்தையரிடம் விட்டிருந்தால், பிகினர் பிரிவில் சேர்த்து அந்த வருஷத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்திருப்பர்.

இவையெல்லாம் புறக்கருவிகள். மூன்று வாரம் வேலியோரத்தில் நின்று நான் கண்டுபிடித்த அகக்கருவி, கீழே கிடக்கும் பந்தை ஒரு பிள்ளை எவ்வாறு எடுக்கிறது என்பதேயாகும். அடிக்கும்போது குழந்தை பிறர் பார்க்கிறார்கள் என்ற பிரக்ஞையோடு அடிக்கிறது. பொறுக்கும்போதோ தன் சுபாவத்தில் நிற்கிறது. இவ்விஷயத்தில் தலையாய பிரமாணம் ‘மட்டை விளக்கம்’ என்னும் நூல். இந்நூல் இன்னும் ஒருவராலும் இயற்றப்படவில்லை. ஆதலால் இதில் வேண்டிய மேற்கோள் வேண்டிய இடத்தில் கிடைக்கும். இதன் மூன்றாம் அதிகாரமாகிய குனியலியல், பந்தெடுக்கும் முறைகளை நான்கு வகையாகப் பகுக்கிறது.

முதலாவது கைக்குனிவு. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோ தரையில் கிடத்திவிட்டோ, முழுவதும் குனிந்து கையால் எடுப்பது. இரண்டாவது அரிப்பு: உருளும் பந்தை மட்டையால் தன்பால் இழுத்து, அதன் அடியில் நரம்பைச் செலுத்தி, தோசை திருப்புவது போல ஏந்துவது. மூன்றாவது இடுக்கு: பந்தைக் காலணியின் பக்கத்துக்கும் மட்டைக்கும் நடுவே நெருக்கிப் பிடித்து, முழங்காலை மடக்கிச் சடக்கென்று மேலே தூக்கிவிட, அது தரையில் விழுந்து துள்ளுவது. நான்காவதும் உத்தமமானதும் தட்டியெழுப்பு: அசையாது கிடக்கும் பந்தின் தலையில் மட்டையால் நாலைந்து முறை தட்ட, உறக்கம் கலைந்த குழந்தை போல அது மெல்ல மெல்ல எழும்பிக் கைக்கு வந்து சேர்வது. முதலாவது பிகினர், இரண்டும் மூன்றும் இன்டர்மீடியட், நான்காவது அட்வான்ஸ்டு என்பது என் சித்தாந்தம்.

இங்கே ஒரு பாடபேதத்தைக் கவனிக்க வேண்டும். குனியலியலின் பதினான்காம் சூத்திரத்தில், ‘பந்தெடுத்தல்’ என்று ஓர் ஏடும், ‘பந்தடுத்தல்’ என்று மற்றோர் ஏடும் கூறுகின்றன. எடுத்தலே பாடம் என்பர் முதலுரைகாரர். அடுத்தலே பாடம் என்பர் இரண்டாம் உரைகாரர். அடுத்தலாவது நெருங்குதலாதலின், பந்தை நோக்கி நாலடி நடந்த பிள்ளைக்கே தரம் உயர்ந்துவிடும் என்பதும், குனிதல் வேண்டற்பாலதன்று என்பதும் அவர் கருத்து. அவருக்கு முதுகுவலி இருந்தது என்று ஒரு கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. மூன்றாம் உரைகாரரோ இருவரையும் மறுத்து, பந்து என்பது உறவினரைக் குறிக்கும் வடசொல்லாதலின், ஆட்டம் முடிந்தபின் பெற்றோர் தம் பந்துவைக் காரில் எடுத்துச் செல்லுதலையே இச்சூத்திரம் விதிக்கிறது என்று எழுதிவிட்டார். அக்கருத்தை மறுக்கும் நான்காம் உரையின் அடிக்குறிப்பின் விளிம்பில், மாணாக்கர் ஒருவர் சிறிய எழுத்தில் குறித்து வைத்ததும், கறையான் அரித்துவிட்டதுமாகிய பகுதி என் கொள்கையை முற்றிலும் ஆதரிக்கிறது. கறையான் அரித்த பகுதியை நம்பலாமோ என்று சிலர் வினவக்கூடும். அரிக்காத பகுதியை எவரும் எடுத்துப் பார்த்துவிடலாம். நம் பேரறிஞர் சிலர் தம் வாழ்நாட் புகழை எந்தப் பகுதியின்மேல் கட்டியிருக்கிறார்கள் என்பதை அவர்களே அறிவர்.

இக்கொள்கையைப் பரீட்சிக்கும் சந்தர்ப்பம் சென்ற சனிக்கிழமை வாய்த்தது. படிவத்தில் இன்டர்மீடியட் என்று குறித்திருந்தேன். என் மகள் இடுக்கு முறையினள். இப்போட்டிகளில் பிள்ளைகள் ஒற்றையரும், இரட்டையரும், ஆண் பெண் கலந்த இரட்டையருமாக ஆடி, அனைவரும் வென்ற கேம்களை ஒன்றாகக் கூட்டிக் குழுவின் வெற்றியை முடிவு செய்வர். ஆதலால் தோற்கிற பிள்ளை பொறுக்கித் தரும் ஒரு கேமும் வீண்போவதில்லை. எங்கள் குழுவில் நீலத் தொப்பி அணிந்த பையன் ஒருவன் தட்டியெழுப்புதலில் மகாவித்துவான். இருமுறைதான் தட்டுவான், பந்து எழும், அதை முதுகுக்குப் பின்னால் மட்டையால் ஏந்தி, பார்க்காமலே கால்சட்டைப் பைக்குள் விழச் செய்வான். வேலியோரத்தில் நான் ஒருவன் மட்டுமே கைதட்டினேன். அவனுக்கு எதிரே நின்ற சிறுவனோ, மட்டையைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, அதன் மயிரைச் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, அதன்பின்னரே சர்வீஸ் செய்யும் சுத்தக் கைக்குனிவுக்காரன். ஆட்டம் 6-0 என்று முடிந்தது. ஆறு அந்தச் சிறுவனுடையது.

அநுபவம் சாஸ்திரத்துக்கு விரோதமாக நிற்கும்போது அறிஞர் செய்வது யாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அச்சிறுவன் இடைச்செருகல். அவனுடைய நடை, ஏனைய பிள்ளைகளின் நடையோடு ஒவ்வாமையும், பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் மட்டும் பேனாவால் பின்னர் எழுதப்பட்டிருந்தமையும் இதற்குத் தக்க சான்றுகள்.

இவற்றை நான் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கையில், மகளின் ஆட்டம் 4-4 என்னும் கட்டத்தில் இருந்தது. நடுவர் கிடையாது, கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதைப் பிள்ளைகளே சொல்லிக்கொள்வர், சந்தேகம் வந்தால் எதிராளிக்கே சாதகம். அடுத்த மைதானத்துப் பந்து ஒன்று, திறந்திருந்த வேலிக்கதவின் வழியே உருண்டு வந்து என் காலடியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். காப்டன் அம்மாள், நீலத் தொப்பி, எதிர்க்குழுவின் தாய்மார், என் மகள் அனைவரும் என்னையே நோக்கியிருந்தனர். என் கையில் மட்டையில்லை; ஆகவே இரண்டும் மூன்றும் நான்கும் எனக்குச் சாத்தியமில்லை. எஞ்சியதோ கைக்குனிவு. மூன்று வாரமாக அதைக் கடைநிலை என்று நிறுவியவன், அத்தனை பேர் முன்னிலையில் அதைச் செய்வது எங்ஙனம்? எந்த உரைகாரரும் எடுத்துரைக்காத ஐந்தாவது வழியை மேற்கொண்டு, செருப்பின் நுனியால் பந்தை ஒரு தள்ளு தள்ளினேன். அது வந்த மைதானத்துக்குப் போகாமல், நேரே என் மகளின் மைதானத்துக்குள் புகுந்து, அவள் ஓங்கி அடித்து ஜெயித்துவிடவிருந்த தருணத்தில் அவளுடைய இரு கால்களுக்கும் நடுவே சென்றது. “லெட்!” என்றாள் எதிரே நின்ற பெண், மிகுந்த மரியாதையோடு.

வெல்லவிருந்த பாயிண்டை மறுபடி ஆடித் தோற்றாள். திரும்பி வரும்போது பையைப் பின்ஸீட்டில் எறிந்துவிட்டு, “அப்பா, அடுத்த வாரம் அம்மா வரட்டும். நீங்க அந்த நோட்டையும் எடுத்துட்டு வராதீங்க” என்றாள். நான் விடையொன்றும் சொல்லாமல், மூன்றாம் உரைகாரர் கொண்ட பொருளில் பந்தெடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.