மார்கழி ஓட்டக்காரர்

வயது நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. வேலை, கணினி முன்னால். உடற்பயிற்சி, லிஃப்ட் பழுதாகும் நாட்களில் மட்டும். இப்படிப்பட்ட ஒருவருக்கு செப்டம்பர் மாதம் அலுவலகச் செலவில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் நடக்கிறது. ரிப்போர்ட்டில் சில எண்களைத் தடித்த எழுத்தில் அடித்திருக்கிறார்கள். டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "தினமும் அரை மணி நேரம் நடங்க, போதும்" என்கிறார்.

நடப்பதா? நடப்பது ஓய்வு பெற்றவர்கள் செய்யும் காரியம் என்பது நம்மவர் கொள்கை. வீட்டுக்கு வந்த கையோடு, ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மராத்தானில் அரை மராத்தானுக்குப் பணம் கட்டிவிடுகிறார். கட்டிய பிறகுதான் மனைவியிடம் சொல்கிறார்.

"இருபத்தொரு கிலோமீட்டரா? ஆவின் பூத்துக்கே பைக்ல போறீங்களேங்க!"

"இருபத்தொண்ணு இல்ல. 21.0975."

அந்தக் கடைசித் தொண்ணூற்றேழரை மீட்டரை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஏன் அந்த உதிரிக் கணக்கு என்று கேட்டுவிட்டால் போச்சு, சாம்பார் ஆறிவிடும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்ஸர் கோட்டையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி ஓட்டத்தை அமைத்தார்கள், தூரம் 42.195 கிலோமீட்டர் ஆனது. 1921-ல் அதையே உலகத்துக்கெல்லாம் நிரந்தரமாக்கிவிட்டார்கள். "அதுல பாதி இப்ப நம்ம கால்ல வந்து விழுந்திருக்கு" என்று முடிப்பார். யாரோ ராஜா உட்கார்ந்து பார்த்ததற்கு நூறு வருஷம் கழித்து நம் வீட்டில் ஏன் சாப்பாடு தாமதமாகிறது என்பது அந்த அம்மாளின் கேள்வி. அதற்கு வரலாற்றில் பதில் இல்லை.

அடுத்தது, பயிற்சித் திட்டம். பதினான்கு வாரத் திட்டம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறார். எழுதியவர் பனி பெய்யும் ஊர்க்காரர். குளிர்காலத்தில் அடுக்கடுக்காக உடுத்துங்கள், கையுறை மறக்காதீர்கள், பனிக்கட்டி உறைந்த பாதையில் சிறு அடியாக வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஊர்க் குளிர்காலம் அதிகாலையில் இருபத்தொரு டிகிரி. அதற்கே மாமாக்கள் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாகப் பால் வாங்கப் போகிறார்கள். அவர்கள் நடுவே கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையுமாக நம்மவர் வெளிப்படும்போது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெருவுக்குக் குழப்பம்.

ஆனால் மெரினாவில் ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அந்த இருபத்தொரு டிகிரி எங்கே போனதென்றே தெரியாது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை உலர இடமில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோல் பக்கம் ஓட வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. கையில் கட்டிய விலையுயர்ந்த கடிகாரம் இதைக் கண்டுபிடித்து அலறுகிறது. கடிகாரத்தில் கோளாறு என்று அவர் முடிவு செய்கிறார்.

இங்கேதான் அவருடைய அடிப்படைச் சிக்கலுக்கு வருகிறோம். திட்டம் கேட்பது வேகத்தை அல்ல, நிதானத்தை. வாரத்தில் பெரும்பாலான ஓட்டங்களை, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடு என்கிறது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். அவற்றுக்கு அவகாசம் கொடு என்கிறது. நியாயமான கோரிக்கை. ஆனால் யாரிடம்? எல்கேஜி சீட்டுக்கு விடியற்காலை வரிசையில் நின்ற பெற்றோருக்குப் பிறந்து, சிக்னலில் பச்சை விழுமுன் ஹாரன் அடித்து, விமானம் நிற்பதற்குள் எழுந்து பெட்டியை எடுத்து வளர்ந்த மனிதரிடம்! அவருக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஓடக்கூட வரும். மெதுவாக ஓடத்தான் வராது.

முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் அதைத் தாண்டியே ஆக வேண்டும். காந்தி சிலையருகே ஒரு தம்பதியைத் தாண்டுகிறார், ஒரு பாட்டியைத் தாண்டுகிறார், சைக்கிளில் சுக்கு காபி விற்பவரைத் தாண்டுகிறார். கலங்கரை விளக்கம் வருவதற்குள் மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நிற்கிறார். அப்போது வெள்ளை கான்வாஸ் ஷூ போட்ட எழுபது வயதுக்காரர் ஒருவர், பக்கத்தில் வருபவரிடம் பென்ஷன் அரியர்ஸ் பற்றி முழு வாக்கியங்களில் விளக்கிக்கொண்டே, அவரைக் கடந்து ஓடுகிறார். திட்டத்தில் எழுதியிருப்பது அதைத்தான். நம்மவரோ, அவர் ரிட்டயர்ட் ஸ்போர்ட்ஸ் கோட்டாவாக இருக்கும் என்று சமாதானமாகிறார்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும் வீட்டில் இருவர் பரபரப்பாகிறார்கள். பள்ளிக்கு லீவு உண்டா என்று மகள்; ஓட்டத்துக்கு லீவு உண்டா என்று அப்பா. மூன்று நாள் மழையில் மனசாட்சி உறுத்தவே, அடுக்ககத்தின் நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் ஓடத் தொடங்குகிறார். தூணைச் சுற்றி, இன்னோவாவைச் சுற்றி, ஜெனரேட்டரைச் சுற்றி. அங்கே கடிகாரத்துக்கு ஜிபிஎஸ் எட்டவில்லை. ஐந்து கிலோமீட்டர் வியர்த்து முடித்தால் திரையில் பூஜ்யம். ஸ்ட்ராவா செயலியில் ஏறாத ஓட்டம் ஓட்டமே அல்ல என்பதால், மழை விட்ட பிறகு அதையே மறுபடி வெளியே ஓடுகிறார். வாட்ச்மேன் மட்டும், "சார், வண்டி எதுவும் காணோமா?" என்று இரண்டு நாள் கவலையாகக் கேட்டார்.

மார்கழி பிறந்ததும் அவருக்குப் பக்தியும் வந்துவிடுகிறது. நாலரை மணிக்குக் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை, தெருவெல்லாம் கோலம். கோலத்தை மிதிக்காமல் ஓடுவதற்குத் தாண்டிக் குதிக்க வேண்டும். இது தடை ஓட்டப் பயிற்சி. திட்டத்தில் ஃபார்ட்லெக் என்று ஒன்று உண்டு. திடீரென்று வேகமெடுத்து, பிறகு தணிந்து, மறுபடி வேகமெடுப்பது. இதை எவ்வளவு விளக்கியும் புரியாதவருக்கு, அடுத்த தெரு நாய்கள் ஒரே விடியலில் கற்றுக் கொடுத்துவிட்டன. அவருடைய மிகச் சிறந்த நானூறு மீட்டர் இன்றைக்கும் அவற்றின் மேற்பார்வையில் ஓடியதுதான்.

பிரசாத விஷயத்தில் அவர் தயங்குவதே இல்லை. போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மாவுச்சத்தைக் கூட்டிக்கொண்டால், தசையில் கிளைகோஜன் சேமிப்பு நிறையும் என்பது நிபுணர்கள் சொல்வது. நம்மவர் மார்கழி முதல் நாளிலேயே சேமிக்கத் தொடங்குகிறார். கோயிலில் தொன்னை வெண்பொங்கல், சபா கேன்டீனில் ரவா தோசை, கூடவே அசோகா. "எல்லாம் கார்போ லோடிங்" என்கிறார். பயிற்சி தொடங்கியதிலிருந்து எடை ஒன்றரை கிலோ கூடியிருப்பதைக் கேட்டால், அது தசை.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். பெசன்ட் நகர் கடற்கரையில் இருட்டோடு இருட்டாக ஒரு கூட்டம் சேர்கிறது. ஓடுவது இரண்டு மணி நேரம். பிறகு ஃபில்டர் காபியோடு அதைப் பற்றிப் பேசுவது இரண்டரை மணி நேரம். ஐடி பேண்ட், ஆர்ச், கேடன்ஸ், ஜெல். யாருடைய கால் நகம் கறுத்திருக்கிறது, யாருக்கு எங்கே வாஸலின் தடவாமல் தோல் உரிந்தது என்பதெல்லாம் இட்லித் தட்டுகளுக்கு மேலே தாராளமாகப் பரிமாறப்படும். "ஓடினா மூட்டு தேஞ்சிடாதா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டுவிட்டால், நம்மவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். "நம்ம சென்னை மேயரா இருந்தாரே மா. சுப்பிரமணியன், அறுபதைத் தாண்டியும் ஓடறார் சார்!" அதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கும்போது தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

காரணம், நிதானத்தை மதிக்காத கால் டிசம்பர் நடுவில் பதில் சொல்லிவிட்டது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பையொட்டி வலி. பிசியோதெரபிஸ்ட், இளம் பெண், அவருடைய ஸ்ட்ராவா கணக்கை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க தினமும் ரேஸ் ஓடறீங்க. ட்ரெயினிங் எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார். வலித்தது காலை விட அந்த அங்கிள்தான். அன்று முதல் கூடத்தில் ஒரு ஃபோம் ரோலர் கிடக்கிறது. அதன் மேல் அவர் படுத்து முனகும் நேரமும் மாமியார் சீரியல் பார்க்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டதில், எந்த முனகல் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுக்க வேண்டும். இதைவிடக் கொடுமை கிடையாது. சும்மா இருக்கும் உடம்பில் தினம் ஒரு புது நோய் முளைக்கிறது. யாராவது தும்மினால் அறை மாறுகிறார். புத்தாண்டு கேக்கைக்கூட ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் வெட்டச் சொன்னார்.

போட்டி நாள். நேப்பியர் பாலத்தருகே இருட்டில் ஆயிரக்கணக்கான டி-ஷர்ட்டுகள். இரண்டு மணி முப்பது நிமிடம், இரண்டே முக்கால் என்று கொடி பிடித்த பேஸர்கள் நிற்கிறார்கள். அவர்கள் பின்னால் ஒரே சீராகப் போனால் போதும், கொடியில் எழுதிய நேரத்துக்குக் கொண்டு சேர்த்துவிடுவார்கள். இரண்டே முக்கால் கொடிக்குப் பின்னால் நிற்கத்தான் நம்மவர் வந்தார். கொட்டு அடித்தார்கள், கூட்டம் கத்தியது, முன்னால் முதுகுகள் தெரிந்தன. அவ்வளவுதான். சாந்தோம் வருவதற்குள் எத்தனை பேரைத் தாண்டினார் என்று அவருக்கே கணக்கில்லை.

பதினான்காவது கிலோமீட்டரில் தாண்டப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வரத் தொடங்கினார்கள். பாட்டி ஒருவர். வயலின் பெட்டி அளவுக்கு முதுகில் தண்ணீர்ப் பை மாட்டிய பையன் ஒருவன். கடைசியாக இரண்டே முக்கால் கொடி. "வாங்க சார், கூடவே வாங்க, பேசிக்கிட்டே போலாம்" என்றார் பேஸர். வேறு வழியில்லை. வேகமெடுக்கக் கால் இல்லை. நிற்க மானம் இல்லை. மூன்று மாதமாக ஃப்ரிட்ஜ் கதவு சொல்லிக் கேட்காததை, மிச்சமிருந்த ஏழு கிலோமீட்டரில் கால் சொல்லிக் கேட்டார். பேசிக்கொண்டே ஓடினார். பேஸரின் சொந்த ஊர், குலதெய்வம், வீட்டுக் கடன் வட்டி எல்லாம் தெரிந்துகொண்டார். 2 மணி 46 நிமிடம். உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ 2021-ல் லிஸ்பனில் இதே தூரத்தை 57 நிமிடம் 31 வினாடியில் ஓடினார் என்பதை அன்றைக்கு யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை, அம்மா மட்டும் போனில், "ஃபர்ஸ்ட் வந்தியாடா?" என்றாள்.

மெடலோடு அலுவலகம் போனது திங்கட்கிழமை. மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கியது புதன் வரை. வியாழக்கிழமை லிஃப்டில் எதிர்வீட்டுக்காரரைப் பிடித்தார்.

"சார், ரகசியம் என்னன்னா, மெதுவா ஓடணும். யாருக்குமே இது தெரியறதில்ல. நீங்க அக்டோபர்ல சேருங்க, நான் பிளான் தரேன்."

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர் வழிவிடுவதற்குள், அவரை இடித்துக்கொண்டு முதலில் வெளியேறியவர் நம்மவர்தான்.