தீக்கு ஒரு வக்காலத்து

கல்கத்தாவின் காளிகாட்டில் விழுந்தது சதிதேவியின் வலக்கால் விரல் என்பது ஐதீகம். தகப்பன் தட்சனின் யாகத்தில் புருஷனுக்கு நேர்ந்த அவமானம் தாங்காமல் உயிரைவிட்டவள் அவள். புருஷன் சிவன் அப்போது கைலாயத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கல்கத்தா கனவான்கள்தான், புருஷன் செத்தால் பெண்டாட்டி உடன்கட்டை ஏறுவதே சாஸ்திரம் என்றார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி துரைகளோ நியாயவான்கள். பெண் கர்ப்பிணியா, மைனரா, மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று போலீஸ் தாரோகா பார்த்துத் தலையாட்டிவிட்டால் கொளுத்திக்கொள்ளலாம் என்று 1813இல் விதி செய்தார்கள். கணக்கும் பிசகாமல் எழுதினார்கள்: 1815 முதல் 1828 வரை வங்க மாகாணத்தில் 8,134 பெண்கள்.

1829 டிசம்பர் 4 அன்று கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடன்கட்டையைத் தடைசெய்ததும் தர்மம் போச்சு என்று கூக்குரல். அடுத்த மாதமே ராதாகாந்த தேவ் போன்ற பெரிய மனிதர்கள் தர்ம சபை தொடங்கி, லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனார்கள். மனுவை யார் கொண்டுபோவது? கடல் தாண்டினால் ஜாதி போய்விடுமே! பிரான்சிஸ் பாத்தி என்கிற வெள்ளைக்கார வக்கீலைப் பிடித்தார்கள். சாஸ்திரத்தை மிலேச்சன் சுமந்தால் தீட்டில்லை. விதவை மூச்சுவிட்டால்தான் தீட்டு.

அதே 1830 நவம்பரில் உடன்கட்டையை எதிர்த்த ராம்மோகன் ராயும் லண்டனுக்குக் கப்பலேறினார். தில்லி பாதுஷா இரண்டாம் அக்பரின் தூதர். பாதுஷா கொடுத்த 'ராஜா' பட்டமும் உண்டு. தூதரும் இல்லை, ராஜாவும் இல்லை என்றது கம்பெனி. அவர்களுக்கு இது கைவந்த கலை. ஜார்ஜ் வாஷிங்டன் கல்கத்தாவுக்கு நியமித்த முதல் அமெரிக்க கான்சல் பெஞ்சமின் ஜாய் 1794இல் அங்கே இறங்கியபோதும், கான்சலாக ஏற்க முடியாது, வியாபார ஏஜெண்டாக வேண்டுமானால் இருந்துகொள் என்றார்கள். தூதரிடம் இத்தனை கறார். சிதைக்கு மட்டும் ஒரு தாரோகாவின் தலையாட்டல் போதும்!

1832 ஜூலையில் அப்பீல் தள்ளுபடியானது. மறுவருஷம் பிரிஸ்டலில் ராம்மோகன் செத்துப்போனார். கனவான்களின் வாரிசுகள் சாகவில்லை. 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் பதினெட்டு வயது ரூப் கன்வர் சிதையில் எரிந்தாள். கூட்டம் ஜெயகோஷம் போட்டது. ஜெய்ப்பூரில் தர்மத்தைக் காக்க ஒரு சமிதியும் முளைத்தது. அந்தச் சாவைக் கொண்டாடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேரை, 2024 அக்டோபரில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் போதிய ஆதாரமில்லை என்று விடுவித்தது. தர்ம சபைக்காரர்கள்தான் அவசரக்குடுக்கைகள். கொஞ்சம் பொறுத்திருந்தால் பாத்தி துரைக்குக் கொட்டிக்கொடுத்த பீஸாவது மிஞ்சியிருக்கும்.