சாப்பாட்டு ராமனின் ஞாயிறு வனவாசம்

பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து கடைசி ஆளாக எழுந்திருப்பவரைச் 'சாப்பாட்டு ராமன்' என்பது வழக்கம். அவன் பழைய ராமன். அவனுக்கு வனவாசமே கிடையாது. அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவிலேயே ராஜ்யபாரத்தை முடித்துவிட்டான். இப்போது ஊருக்கு ஒருவராவது இருக்கிற புது ராமன் வேறு ரகம். சாப்பிடுவது என்னவோ இரண்டே பரோட்டா. அதற்காக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் காரைக் கிளப்பி, பதினாலு மணி நேரம் வனவாசம் போய்விட்டு வருவார்.

திருவானைக்காவலில் எங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் உண்டு. நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே 'ஓவர்சீயர் சார்'. பின் சீட்டில் சீதையாக அவர் மனைவி. முன் சீட்டில் லட்சுமணனாக நான். வனவாசம் முழுக்க லட்சுமணன் தூங்கவே இல்லை என்பார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த விரதம்.

எந்தக் கடையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் சாரின் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" என்ன கிடைக்கும், எப்படி இருக்கும் என்பதெல்லாம் அப்புறம். நூறுக்குக் கீழே என்றால் முகம் விழுந்துவிடும். "பக்கத்துலதானே... எப்ப வேணா போய்க்கலாம்" என்பார். அவர் அகராதியில் அதற்கு 'ஒருநாளும் போகமாட்டேன்' என்று பொருள். மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது; சாரிடம் மட்டும் மரியாதை கிடைக்கவில்லை. வெறும் 40 கிலோமீட்டர். நடை தூரத்தில் இருக்கிற கடையில் நான் நெய் ரோஸ்ட்டை மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், தர்மாஸ்பத்திரி வரிசையில் நிற்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

திண்டுக்கல் சரியாக நூறு கிலோமீட்டரைத் தொடுவதால் தேறிவிட்டது. 1957-ல் ஆனந்த விலாஸ் என்று ஆரம்பித்த கடை, முதலாளி கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆன கதையை அவர் ரோட்டில் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார். இப்போது ஊர் ஊராக அதற்குக் கிளை இருக்கிறதே, இங்கேயே சாப்பிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். வண்டியை ஓரங்கட்டினார். "தம்பி, கங்கைத் தண்ணியைச் செம்புல அடைச்சு நாட்டுமருந்துக் கடையிலயும் விக்கிறான். அதுக்காக யாரும் காசிக்குப் போறதை விட்டுட்டானா?" அதற்குமேல் என்ன பேசுவது? சீரக சம்பா அரிசியில் மசாலா ஊறிய அந்தப் பிரியாணியை அன்றைக்கு நானும் காசி விசுவநாதரைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தேன். சார் அரைத் தட்டு சாப்பிட்டார். மீதி அரைத் தட்டு என் தட்டுக்கு வந்தது. எப்போதும் அப்படித்தான். தூரம் அவருடையது, சாப்பாடு என்னுடையது.

அவருடைய கைலாசம் பிரானூர் பார்டர். செங்கோட்டைக்குப் பக்கத்தில், திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டம் ரஹ்மத் கடையில் முண்டியடித்துக்கொண்டிருக்கும். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதான பரோட்டாவை இலையில் போட்டு, பிய்த்து, சால்னாவை மேலே கொட்டி ஊற விடுவார்கள். பக்கத்தில் நாட்டுக்கோழி. நான் முதல் வாய் வைக்கும்போது சார் வரலாற்றைத் திறப்பார்: "இங்க பார்டர்னா எந்த பார்டர்? அந்தக் காலத்துல செங்கோட்டை திருவிதாங்கூர்க்காரன் கையில இருந்தது. 1956 நவம்பர் ஒண்ணாந்தேதி நம்ம பக்கம் வந்துடுச்சு. எல்லை போயிடுச்சு, பேரு மட்டும் பரோட்டாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது." அவர் சொல்வது சரிதான்; ஆனால் ஊறின பரோட்டாவுக்கு முன்னால் மாநிலச் சீரமைப்பு பேசலாமா? போக வர 600 கிலோமீட்டர், நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாத பெட்ரோல். இரண்டு பரோட்டாவால் வகுத்து மடியில் கணக்குப் போட்டேன். சார் எட்டிப் பார்த்துவிட்டு, "டோலை விட்டுட்டியே" என்றார்.

ஒரு கடை நல்ல கடையா என்று தெரிந்துகொள்ள அவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வாசலிலேயே தீர்ப்பு. போர்டு இருக்கக் கூடாது. இருந்தே தீரும் என்றால் எழுத்து பாதியாவது உதிர்ந்திருக்க வேண்டும். கல்லாவுக்கு மேலே சந்தனமாலை போட்ட தாத்தா படம் கட்டாயம். கல்லாவில் இருப்பவர் சிரிக்கவே கூடாது. "சிரிச்சான்னா சரக்கு நிக்குதுன்னு அர்த்தம்" என்பார். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போன அன்று ஒரு கல்லாக்காரர், பாவம், எங்களைப் பார்த்து "வாங்க சார், வாங்க" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றுவிட்டார். சார் வாசற்படியோடு திரும்பி, எதிர்ச்சாரியில் கடுகடுவென்று நாலு பேரை விரட்டிக்கொண்டிருந்தவர் கடைக்குக் கூட்டிப்போனார்.

அந்தப் பரோட்டாவைப் பற்றி மட்டும் சாருடைய கணக்குகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு என் சொந்தப் பொறுப்பில் சொல்கிறேன். அகலமான தட்டைக் கல். குழியான நடுவில் எண்ணெய் குளம் கட்டி நிற்கிறது. மாஸ்டர் மாவை வீசி, சுருட்டி, கையால் அமுக்கிக் குளத்தில் இறக்கிவிடுகிறார். சின்னச் சின்னக் குமிழாகக் கொதித்து, ஓரம் பொன்னிறமாகி, திருப்பிப் போட்டால் கரகரவென்று ஒரு சத்தம். எடுத்து எண்ணெயை வடிய விட்டு இலையில் போட்டால், மேல்பக்கம் அப்பளம்போல் நொறுங்குகிறது; உள்ளே மடிப்பு மடிப்பாகப் பஞ்சு. நொறுக்கி, சால்னாவை விட்டு, ஊறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

சாருக்கு யூடியூப் என்றால் எரிச்சல். "இந்தப் பசங்க கேமராவைத் தூக்கிட்டு உள்ள போனா அந்தக் கடை ஒழிஞ்சது" என்பார். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தாண்டி, "மக்களே, இந்தக் கறி இருக்கே... வேற லெவல்!" என்று ஒரு குரல் என் படுக்கையறைக்குள் வரும். மறுநாள் காலையில், "நம்ம டிபார்ட்மென்ட்ல இருந்த பழைய டிரைவர் ஒருத்தர் சொன்னார், ஒரு கடை இருக்காம்" என்று ஆரம்பிப்பார். அந்த டிரைவரை நான் இதுவரை பார்த்ததில்லை. குரல் மட்டும் நன்றாகத் தெரியும்.

அம்மா, அதாவது சாரின் மனைவி, வண்டியில் அதிகம் பேசமாட்டார். அவருக்கென்று தனி அளவுகோல் ஒன்று உண்டு. "நீங்க ருசியை எண்ணுங்க, நான் பாத்ரூமை எண்ணுறேன்." தமிழ்நாட்டில் போர்டு இல்லாத, தாத்தா படம் மாட்டிய, முதலாளி சிரிக்காத கடைகளில் எத்தனையில் பெண்கள் ஒதுங்க இடம் இருக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணினால் அம்மாவுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். இந்த உணவு யாத்திரை பற்றி மணிக்கணக்கில் பேசும் ஆண்கள் யாருமே இதைத் தொடுவதில்லை. இத்தனை நாள் நானும் தொட்டதில்லை.

அம்மா மனம் மலர்ந்து ரசித்த ஒரே இடம் ஒகேனக்கல். அங்கே ஓட்டலைத் தேடிப் போகவே வேண்டாம். மீனை நாமே பார்த்து வாங்கி, சமைத்துக் கொடுக்கிற பெண்களில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், குளித்துவிட்டு வருவதற்குள் குழம்பும் வறுவலும் தயார். நானும் சாரும் எண்ணெய் தேய்ப்பவர் கையில் முதுகைக் கொடுத்து அடி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா அந்தச் சமையல்காரம்மா பக்கத்திலேயே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புளியை எந்த அளவு கெட்டியாகக் கரைக்கிறார், மீனை எப்போது போடுகிறார், போட்டபிறகு கரண்டியே படாமல் சட்டியைத் துணியால் பிடித்து எப்படி ஒரு சுழற்று சுழற்றுகிறார் என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே எழுதிக்கொண்டார். மறு வாரம் வீட்டில் அதே குழம்பை வைத்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அருவிக்கரையில் சாப்பிட்டதைவிட ஒரு படி மேல் என்று சத்தியம் பண்ணுவேன். சார் இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்து, விரலைச் சப்பிவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு... இருந்தாலும் இருநூத்தம்பது கிலோமீட்டர் இல்லையே" என்றார்.

இருட்டுக்கடை அல்வா நீங்கள் எதிர்பார்க்கிறபடிதான் நடந்தது, விவரிக்கவில்லை. சாயங்காலம்தான் திறப்பார்கள் என்று தெரிந்தே காலை பதினொரு மணிக்குத் திருநெல்வேலியில் இறங்கி, ஆறு மணி நேரம் நெல்லையப்பர் கோயில் வாசலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். காத்திருந்தால் அல்வா கூடக் கொஞ்சம் இளகுமாம்.

எங்கள் யாத்திரையின் உச்சம் என்று நான் நினைப்பது ஒரு மூடிய கடை. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். மெயின் ரோட்டை விட்டு உள்ளே பதினெட்டு கிலோமீட்டர். வேகத்தடைக்கு ஒன்றாக வைத்தாலும் அறுபது குலுக்கல். 'மேப்' போடலாம் என்றேன்; ரோடு போட்ட மனிதரிடம் மேப்பா? டீக்கடைக்கு டீக்கடை இறங்கி வழி கேட்டுக்கொண்டே போனோம். ஒவ்வொரு டீக்கடைக்காரரும் "அந்தக் கடையா?" என்று ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் புகழ்ச்சி என்று சார் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தால், ஓலைத் தட்டி சாத்தியிருக்கிறது. தட்டியில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: 'வீட்டில் காதுகுத்து. கடை இல்லை.' காதுகுத்து எந்தத் தேதியில் என்று போடவில்லை.

சார் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கூடையைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் சாரின் முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

"பாத்தியா தம்பி? காதுகுத்துக்குக் கடையைச் சாத்துறான். இவன்தான்யா கடைக்காரன்! வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் திறந்து வச்சிருக்கிறவன்கிட்ட என்ன இருக்கப் போவுது?"

திரும்பி வரும்போது, சாப்பிடாத அந்தக் கடையின் குடல் குழம்பைக் கரூர் வரைக்கும் வர்ணித்துக்கொண்டே வந்தார். இன்றைக்கும் அவர் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

போன ஞாயிறு கதைக்கு வருகிறேன். சீனாபுரம் போவதாக ஏற்பாடு. பெருந்துறைப் பக்கம், 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கே 'நம்ம வீட்டுச் சாப்பாடு' என்று வீட்டிலேயே இலை போடுகிறார்கள். ஆடு, கோழி, மீன் என்று குழம்பும் வறுவலும் இலையில் இடம் கொள்ளாமல் வந்துகொண்டே இருக்கும். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சார் புதன்கிழமையே சொல்லிவிட்டு, வியாழக்கிழமையிலிருந்து அரைவயிறு.

அதிசயமாக அன்றைக்குக் கிளம்பவே ஆறு மணி ஆகிவிட்டது. தெருமுனை திரும்புகிறோம், எதிரே கோயம்புத்தூர் நம்பர் வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சார் வயசுக்காரர். பின் சீட்டில் ஒரு அம்மா கழுத்தை ஒருபக்கம் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் கண் சிவந்த ஒருவர், மடியில் தண்ணீர் பாட்டிலோடு. அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லட்சுமணனுக்குத் தெரியாதா லட்சுமணனை?

"ஏனுங்க, இங்க பார்த்தசாரதி விலாஸ்னு ஒரு பழைய கடை இருக்குதுங்களாமா? 1943-லிருந்து நடத்துறாங்களாமா. நெய் ரோஸ்ட்டு பேர்போனதுன்னாங்க. எந்தப் பக்கமுங்க?"

நான் கையைக் காட்டினேன். தெருமுனையிலிருந்து நடந்தால் நாலு நிமிஷம். நான் தினமும் தோசையை மடிக்கிற அதே கடை. சாருக்குக் கண் சுருங்கியது.

"எங்கேருந்து வர்றீங்க?"

"கோயம்புத்தூருங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புனோம்."

"எத்தனை கிலோமீட்டர்?"

"இருநூத்திப் பத்து வருதுங்க."

சார் முதல்முறையாக அந்தக் கடை இருக்கிற திசையில் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார். "அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"நீங்க எங்கீங்க கெளம்பிட்டீங்க, காலங்காத்தால?"

"சீனாபுரம்."

அவர் சிரித்தார். "அது நம்மூருலிருந்து எம்பது கிலோமீட்டர்தானுங்க. எப்ப வேணாலும் போய்க்கலாம்னு இன்னும் போகவே இல்லீங்க."

பின் சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏங்க, நம்ம வீட்டுச் சாவியை அவங்ககிட்ட குடுத்துட்டு அவங்க சாவியை வாங்கிக்கலாமா?"

சார் கியரைப் போட்டார்.