நூறு விழுக்காட்டுக்கு ஒரு வாழ்த்து

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயாவுக்கு,

உங்கள் பள்ளி வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் இந்த ஆண்டும் நூறு விழுக்காடு தேர்ச்சி. இரண்டு தெரு தள்ளி, அரசு உயர்நிலைப் பள்ளியில் அதே வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அந்த எண்ணை எட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

முதலில் உங்கள் பொறுமை. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அதை நீங்கள் மீறியதாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. விசிலடித்தவன், ஜன்னலை உடைத்தவன், டீச்சரை எதிர்த்துப் பேசியவன் எல்லாரையும் தாங்கிக்கொண்டீர்கள். சட்டம் கைவிட்ட பிறகும் ஒன்பதாம் வகுப்பில் ஓராண்டு, கட்டணத்தோடு, கூடுதலாகத் தாங்கினீர்கள். பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் உங்கள் பொறுமை முடிகிறது.

அடுத்து உங்கள் பண்பு. ஒரு பையனையும் நீங்கள் அடித்ததில்லை, திட்டியதில்லை. பெற்றோரை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்து, “உங்க பையனோட நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்” என்று ஆரம்பிப்பீர்களாம். விண்ணப்பம் எழுதத் தெரியாத தாய்க்கு வாசகத்தையும் நீங்களே சொல்லிக்கொடுத்தீர்கள். அப்படி நீங்கள் அனுப்பிய ஒருவனின் மாற்றுச் சான்றிதழ் என் மேசைக்கு வந்தது. விலகும் காரணம்: பெற்றோர் விருப்பம். நடத்தை: நன்று. அடக்கவே முடியாதவன் என்று அனுப்பும் பிள்ளைக்கு ‘நன்று’ என்று எழுத எல்லாருக்கும் மனம் வராது. அன்று மாலையே மாணவர் பதிவுத் தளமான எமிஸில் அவன் பெயரை, பள்ளியைவிட்டு விலகியவர்களுக்கான காமன் பூலுக்குத் தள்ளிவிட்ட சுறுசுறுப்பையும் சொல்ல வேண்டும்.

எங்கள் தமிழாசிரியைக்கு இந்தத் திறமை போதாது. எங்கள் வகுப்புக்கு வந்த அவனை வாசிக்கச் சொன்னால், பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவான். “வெளியே போ” என்ற சொல்லுக்காகவே காத்திருப்பான். அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. நோட்டைக் கிழித்தான், வேறு நோட்டுக் கொடுத்தார். அதையும் கிழித்தான், மறுபடியும் கொடுத்தார். ஒருநாள் பள்ளி விட்ட பிறகு, யாரும் இல்லாத வகுப்பில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவன் முன் விரித்துவைத்தார். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வந்த இடமெல்லாம் நின்றான். வாசிக்கத் தெரியாததை மறைக்கத்தான் இத்தனை சேட்டையும். வாய்விட்டு வாசி என்று சொல்லி உங்கள் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக அவனை யாருமே தொந்தரவு செய்யவில்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படியொரு அமைதியான வகுப்பறையை எங்களால் நடத்த முடியவில்லை.

அந்த ஆண்டு பொதுத்தேர்வில் அவன் தமிழில் தேறினான், கணக்கில் தவறினான். துணைத் தேர்வு எழுதி அதிலும் தேறினான். அதற்குள் பள்ளியின் விழுக்காட்டைக் கணக்கெடுத்து முடித்திருந்தார்கள். விழுக்காடு ஏன் குறைந்தது என்று எங்கள் தலைமையாசிரியை ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொன்னார். அதே வாரம் உங்கள் ஆண்டு விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொருத்தமான மரியாதைதான். அந்த நூறு முழுமையாக உங்களுடையது. அதில் அவனுக்குப் பங்கில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து யார் யாருடைய பெற்றோருக்கு விருப்பம் வரப்போகிறது என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். அந்தப் பெயர்களை மட்டும் கொஞ்சம் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள். ஜூன் வரை காத்திருக்காமல், மே மாதமே எங்கள் தமிழாசிரியை மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவைத்துவிடுவார்.